மாணவர் வாழ்வும் மிதத்தின் பயிற்சியும்

இந்திய நாட்டின் கல்லூரிகளில் பட்டப் படிப்புக்குச் சேரும் மாணவர் எவராயினும், அவர் எடுத்துக்கொண்ட பாடம் இலக்கியமோ, இயந்திரவியலோ, வணிகவியலோ எதுவாயினும், சுற்றுச்சூழல் என்னும் பாடத்தையும் படித்துத் தேர்வெழுதித் தேற வேண்டும் என்பது இன்று நியதியாகிவிட்டது. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், அதை நிறைவேற்றும் பொருட்டுப் பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டமும் இந்த நியதிக்கு ஆதாரம். ஆகவே, புவி வெப்பமடைவதன் காரணத்தையும், நிலத்தடி நீர் தாழ்வதன் விளைவையும், பிளாஸ்டிக் மண்ணில் மக்காது கிடப்பதையும் அறியாத பட்டதாரி இந்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும், அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய அதே மாணவர் விடுதிக்குத் திரும்பியதும், ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழல்வதையும், மெஸ்ஸில் பாதித் தட்டுச் சோறு தொட்டியில் கொட்டப்படுவதையும் காண்கிறார். சில சமயம் அதில் தாமும் பங்கு கொள்கிறார்.

அறிவு உண்டாகியும் ஆசாரம் மாறாமலிருப்பது மனித குலத்துக்குப் புதிய அனுபவமன்று. எனினும், இந்த விஷயத்தில் அதை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிடாமல் முறையாக ஆராய்வது பிரயோஜனமுள்ளது. ஒரு மாணவர் தம் அன்றாடப் பழக்கங்களை மாற்றிக்கொள்வதால் உலகத்துக்கு ஏதேனும் லாபம் உண்டா? உண்டெனில், எந்தப் பழக்கம் கனமானது, எது இலேசானது? ஒரு பழக்கம் எவ்வாறு உண்டாகி நிலைக்கிறது? தனிமனிதரின் முயற்சி எந்த எல்லையில் நின்று, எங்கே பொது ஏற்பாடு தொடங்க வேண்டும்? இந்த நான்கு கேள்விகளையும், தமிழ்நாட்டில் வீட்டைவிட்டு வந்து கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவரை மனத்தில் வைத்துக்கொண்டு, இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

கருத்து வந்த வழி

இயற்கையின் அளவறிந்து வாழ வேண்டும் என்னும் எண்ணம் சர்வதேச அரங்கில் பேசப்படத் தொடங்கியது 1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த ஐக்கிய நாடுகள் மாநாட்டில் என்பர். அம்மாநாட்டில் உரையாற்றிய இந்திராகாந்தி, வறிய நாடுகளின் தேவையை மறந்துவிட்டுச் சூழலைப் பற்றி மட்டும் பேசுவது பொருந்தாது என்னும் கருத்தை வற்புறுத்தினார். பின்னர் 1987-ஆம் ஆண்டு, நார்வே நாட்டுப் பிரதமர் புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையிலான குழு தன் அறிக்கையை வெளியிட்டு, வருங்காலச் சந்ததியாரின் தேவைக்குக் குந்தகம் நேராதவாறு நிகழ்காலத் தேவையை நிறைவேற்றிக்கொள்வதே நீடித்த வளர்ச்சி என்று இலக்கணம் வகுத்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், இந்திய அரசு குஜராத்தின் கேவடியாவில், சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை முறையை ஓர் இயக்கமாகவே ஐ.நா. பொதுச் செயலாளரின் முன்னிலையில் தொடங்கிவைத்தது. அரை நூற்றாண்டு காலத்தில், ராஜதந்திரிகள் விவாதித்த விஷயம் குளியலறைக் குழாய் வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால், இந்த வரலாற்றை ஸ்டாக்ஹோமிலிருந்து தொடங்குவது தமிழ் வாசகருக்கு நியாயமாகாது. தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, லண்டனில் கணக்காயர் தொழில் பயின்று, அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, பின் காந்தியடிகளோடு சேர்ந்துகொண்ட ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் எழுதி 1945-இல் வெளிவந்த தம் நிலைபேற்றுப் பொருளாதார நூலில், இன்று நாம் பேசுவதன் சாரத்தைக் கூறிவிட்டார். சேமித்து வைக்கப்பட்ட நிதி போன்று எடுக்க எடுக்கக் குறையும் நிலக்கரி, எண்ணெய், கனிமம் ஆகியவற்றை நம்பி நடக்கும் வாழ்க்கை ஒன்று. மழை, வெயில், மண், விதை, கால்நடை எனத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் சுழற்சியை நம்பி நடக்கும் வாழ்க்கை மற்றொன்று. முன்னது போட்டியையும் யுத்தத்தையும் விளைவிக்கும், பின்னதே நிலைக்கும் என்பது அவர் தீர்மானம். தம் கடைசிக் காலத்தில் மதுரைக்கு அருகே கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனில் வாழ்ந்து 1960-இல் மறைந்த அவர், தாம் எழுதியதைத் தம் உடையிலும் உணவிலும் இருப்பிடத்திலும் கடைப்பிடித்தவர். கணக்காயராயிருந்தமையால் அவருக்கு மிதம் என்பது பக்தி விஷயமாக மட்டுமன்றி, வரவு செலவு விஷயமாகவும் தோன்றியது. நாமும் அதே மனப்பான்மையோடு மேலே செல்வது நலம்.

ஒரு பலமான ஆட்சேபம்

தனிமனிதப் பழக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே ஓர் ஆட்சேபம் எதிர்ப்படுகிறது. அதற்கு விடை சொல்லாமல் அப்பால் போவது முறையன்று. உலகைச் சூடேற்றும் வாயுக்களைப் பெருமளவில் வெளியிடுவன அனல்மின் நிலையங்களும், உருக்கு ஆலைகளும், சிமெண்ட் ஆலைகளும், எண்ணெய்க் கம்பெனிகளுமே ஆகையால், குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, ஒரு மாணவரிடம் வந்து பல் துலக்கும்போது குழாயை மூடு என்று உபதேசிப்பது பரிகாசத்துக்குரியதல்லவா என்பது அந்த ஆட்சேபம். இதற்கு வலுவூட்டும் சரித்திரச் செய்தியும் உண்டு. ஒவ்வொருவரும் தாம் வெளியிடும் வாயுவின் அளவாகிய கரித்தடத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தைப் பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்து பாமர ஜனங்களிடையே பரப்பியது, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்னும் எண்ணெய்க் கம்பெனியே. பொறுப்பை விற்பவரிடமிருந்து வாங்குபவர் தலைக்கு மாற்றும் தந்திரம் இது என்று விமர்சகர் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை.

அத்துடன், இந்தியர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன்; உலகச் சராசரி இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்; அமெரிக்கரின் சராசரி ஏறக்குறைய ஏழு மடங்கு. இந்திய சராசரிக்குள்ளும் தென் சென்னையின் குளிர்பதன வீட்டுக்காரரும், தருமபுரி மாவட்டத்தின் மானாவாரி விவசாயியும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, இரண்டு ஜோடி உடையை மாற்றி மாற்றித் துவைத்து உடுத்தி, அரசுப் பேருந்தில் பஸ் பாஸ் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் மாணவரிடம் போய்ச் சிக்கனத்தைப் போதிப்பது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் ஆட்சேபம் பாதிக் கிணறே தாண்டியிருக்கிறது. ஆலையின் புகைக்கு ஆலையே பொறுப்பு என்பது சரி. ஆனால் அந்த ஆலை யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இன்றைய மாணவர் நாளைக்கு மாதச் சம்பளக்காரர். நம் நாட்டில் நுகர்வு பெருகப்போவது பெரும்பாலும் அவருடைய குடும்பத்தின் வாயிலாகவே. இன்று அவர் வெளியிடும் வாயுவின் அளவு அற்பமாயிருக்கலாம். அவர் எத்தகைய வாழ்க்கையை விரும்பத்தக்கது என்று தம் மனத்தில் தீர்மானித்துக்கொள்கிறார் என்பது அற்பமன்று. மாணவப் பழக்கத்தின் மதிப்பை இன்றைய மிச்சத்தைக் கொண்டு அளப்பதைவிட, அது உருவாக்கும் ருசியைக் கொண்டு அளப்பதே பொருத்தமாகும்.

கனமும் இலேசும்

அடுத்தது, எந்தப் பழக்கம் எவ்வளவு பெறும் என்ற கணக்கு. இதில் பாடப் புத்தகங்களே வழி தவறச் செய்வதுண்டு. செத் வைன்ஸ், கிம்பர்லி நிகோலஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கனடா நாட்டு உயர்நிலைப் பள்ளி அறிவியல் புத்தகங்கள் பத்தை ஆராய்ந்து, மாணவருக்கு அவை கூறும் யோசனைகளிற் பெரும்பாலானவை மிகக் குறைந்த பயனுடையவை என்று கண்டனர். காரின்றி வாழ்வதால் ஆண்டுக்கு 2.4 டன்னும், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து போய்வரும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்ப்பதால் 1.6 டன்னும், தாவர உணவுக்கு மாறுவதால் 0.8 டன்னும் மிஞ்சும் என்றும், மறுசுழற்சியாலும் விளக்கு மாற்றத்தாலும் மிஞ்சுவது அவற்றுடன் ஒப்பிடச் சொற்பமே என்றும் அவர்கள் கணித்தனர். செல்வ நாடுகளின் வாழ்க்கைக்குரிய கணக்கு அது. அதை அப்படியே நம் மாணவருக்குப் பொருத்த இயலாது. விமானமேறாத, கார் வைத்திராத மாணவருக்குரிய கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் மின்சாரம். நம் நாட்டு மின் தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. செருகியிலேயே கிடக்கும் கைப்பேசிச் சார்ஜர் ஆண்டு முழுவதும் வீணாக்கும் மின்சாரம் இரண்டு மூன்று யூனிட்டுக்கு மேற்போவது அரிது; ஆயினும் சிக்கனப் பிரசங்கங்களில் அந்தச் சார்ஜருக்கே முதலிடம். மாறாக, 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறி தினம் பத்து மணி நேரம் சுழன்றால் ஆண்டில் 270 யூனிட்டுக்கு மேலாகிறது. 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிக்கு 110 யூனிட் போதும். ஒன்றரை டன் குளிர்சாதனமோ ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு யூனிட்டை விழுங்கிவிடுகிறது. அதன் வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதாலும் நூற்றுக்கு ஆறு வீதம் மின்சாரம் மிஞ்சும் என்று எரிசக்தித் திறன் செயலகம் கூறுகிறது. ஆக, ஓர் இரவு விசிறியோடு திருப்தி கொள்ளும் மாணவர், சார்ஜரைச் சில ஆண்டு கழற்றி வைத்துச் சம்பாதிப்பதை அந்த ஓர் இரவிலேயே சம்பாதித்துவிடுகிறார்.

பயணத்தில் வேற்றுமை இன்னும் தெளிவானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகும். தினம் இருபது கிலோமீட்டர் வீதம் ஆண்டில் இருநூறு நாள் பைக்கில் கல்லூரிக்குப் போய்வருபவர் 4,000 கிலோமீட்டர் ஓடி, எண்பது லிட்டர் பெட்ரோலைச் செலவிட்டு, 180 கிலோவுக்கு மேல் வெளியிடுகிறார். எப்படியும் ஓடப்போகும் பேருந்தில் ஏறுகிறவர் அதன்மேல் சேர்க்கும் பாரம் அற்பம். ஆனால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனுக்குப் பைக் வாங்கிக் கொடுப்பது நம் சமூகத்தில் அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டதால், இந்தக் கணக்கு பெட்ரோல் விலையைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அரசு பதினோராம் வகுப்பில் இலவசமாக வழங்கிய சைக்கிள், கல்லூரி வாசலை எட்டுவதற்குள் பல வீடுகளில் திண்ணையின் மூலைக்குப் போய்விடுவதன் காரணமும் இதுவே.

சோறும் நீரும்

விடுதி மாணவரின் வாழ்க்கையில் எல்லாவற்றினும் கனமான பகுதி மெஸ். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணாக்கப்பட்ட உணவு 105 கோடி டன். நுகர்வோரைச் சென்றடைந்த உணவில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதில் நூற்றுக்கு அறுபது வீதம் வீடுகளிலும், இருபத்தெட்டு வீதம் உணவகம், விடுதி முதலிய உண்ணுமிடங்களிலும் பாழாகிறது. வீணாகும் சோற்றோடு, அதை விளைவித்த வயலின் நீரும், இறைத்த மோட்டாரின் மின்சாரமும், இட்ட உரமும், நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனும் சேர்ந்தே வீணாகின்றன. குப்பை மேட்டில் கொட்டப்பட்ட பின் அதுவே அழுகி மறுபடியும் மீத்தேனை எழுப்புகிறது. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பை மேடுகள் அடிக்கடி தீப்பற்றிப் புகைந்ததற்கு இந்த வாயுவும் ஒரு காரணம்.

விடுதியில் சோறு வீணாவதற்கு மாணவரின் அலட்சியம் மட்டுமே காரணமென்று கூறுவது எளிது. உண்மை அதனினும் சிக்கலானது. மாதக் கட்டணம் முன்பே கட்டிவிட்டதால் எவ்வளவு எடுத்தாலும் செலவு ஒன்றே. ஒருமுறை வரிசையை விட்டால் மறுபடி நிற்க நேருமாதலால் முதலிலேயே நிறையப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று சமையற்காரருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் செவ்வாய்க்கிழமைக் கூட்டும் ஒரே அளவில் தயாராகின்றன. இந்நிலையில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமெனில் மறுமுறை வாங்குவது என்னும் பழக்கம் ஒரு மாணவருக்கு முழுமையாகக் கைகூட வேண்டுமாயின், மறுமுறை கேட்டால் முகம் சுளிக்காமல் பரிமாறும் மெஸ்ஸும் அமைய வேண்டும்.

உணவு பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். மேல்நாட்டு நூல்கள் மாமிச உணவைக் குறைப்பதைத் தலையாய பழக்கமாக எடுத்துரைக்கின்றன. அவர்கள் உண்ணும் அளவுக்கு அது சரியே. நம் நாட்டிலோ உணவின்மேல் சாதியின் நிழல் விழுந்திருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கறி உண்ணும் மாணவரைச் சூழலின் பெயரால் குறை கூறுவது, பழைய தீட்டு மனப்பான்மைக்குப் புதிய சாஸ்திரம் தேடிக் கொடுப்பதாக முடியலாம். இங்கே முதற்பணி தட்டில் மீதம் வைக்காதிருப்பது. தட்டில் என்ன இருக்க வேண்டுமென்பது அதற்குப் பின்னர் அவரவர் தீர்மானிக்க வேண்டியது.

நீர் விஷயத்தில் தமிழ்நாட்டு மாணவருக்குப் புத்தகம் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையே போதுமான ஆசிரியர். அவ்வாண்டு பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் நகரம் அது. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-லேயே கட்டாயமாக்கிய மாநிலம் இது. சட்டம் இருந்தும், தூர்ந்துபோன குழிகளைப் பராமரிக்கும் பழக்கம் உண்டாகாததன் விளைவை ஊர் அனுபவித்தது. ஷவரைத் திறந்துவிட்டால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய பத்து லிட்டர் போகும். ஒரு வாளிக் குளியலுக்கு இருபது லிட்டர் தாராளம். வாளியும் குவளையும் நம் பாட்டனார் காலத்துச் சாதனங்களாயிருந்தும், நீரை அளந்து செலவிடக் கற்பிப்பதில் அவற்றை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை.

துணி, பை, கைப்பேசி

பொருள்களைப் பொறுத்தவரை, திருப்பூர் நமக்கு அருகிலிருக்கும் பாடசாலை. பின்னலாடைத் தொழில் அந்நகருக்குச் செல்வத்தையும் பல லட்சம் பேருக்கு ஜீவனத்தையும் தந்தது. அதன் சாயக்கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்து, பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரை வயலுக்கு விடலாகாது என்று விவசாயிகளே வழக்காடும்படி செய்தது. 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியதும் யாவரும் அறிந்தவை. சுத்திகரிப்பின் செலவு ஒரு பனியனின் விலையில் ஏறினால், அந்த விலையைக் கொடுக்க வாங்குபவர் சம்மதிக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து மலிவுச் சட்டை வாங்குவதைவிட நான்கு நல்ல சட்டையை வாங்கி, பொத்தான் அறுந்தால் தைத்து, நெடுநாள் உடுத்துவது மாணவர் செய்யக்கூடிய மாறுதல்களில் கனமானது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் பதினான்கு வகை தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. நல்ல காரியங்களே, ஆனால் இதிலும் கணக்கு மறந்துவிடலாகாது. டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் நிர்வாகம் 2018-இல் செய்த ஆய்வின்படி, ஒரு பருத்திப் பை வெப்பவாயு விஷயத்தில் மட்டும் ஒரு சாதாரணக் கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் ஐம்பது தடவைக்கு மேல் உபயோகப்பட வேண்டும். நீர் முதலிய மற்ற அம்சங்களையும் சேர்த்தால் அந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. கருத்தரங்குதோறும் இலவசமாகக் கிடைக்கும் துணிப்பையை வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பவர் சூழலுக்கு உபகாரம் செய்தவராகார். பழைய மஞ்சப்பையின் சிறப்பு அதன் துணியில் இல்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வந்த ஒரே பை கிழிகிறவரை கடைக்கும் ரேஷனுக்கும் போய்வந்ததில் இருந்தது. கைப்பேசிக்கும் இதே நியாயம் பொருந்தும். அதன் ஆயுளில் வெளியாகும் வாயுவின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுவதால், பாட்டரியை மாற்றி இன்னும் இரண்டாண்டு அதையே வைத்துக்கொள்வது பெரிய மிச்சம். 2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்பதும், அதில் கால்பங்குக்கும் குறைவே முறைப்படி சேகரிக்கப்பட்டது என்பதும் இதன் அவசியத்தைக் காட்டும்.

பழக்கம் நிலைக்கும் விதம்

எது செய்யத்தக்கது என்று தெரிந்தபின், அதை எப்படி நிலைநாட்டுவது என்பது மனோதத்துவ சாஸ்திரத்தின் பொருள். அத்துறை அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில் பழக்கத்துக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, மனிதனின் சொந்தப் பழக்கங்கள் இருபது வயதுக்குள்ளும், தொழிற் பழக்கங்கள் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையிலும் உறுதிப்படுகின்றன என்று வாதித்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர் துணைவரும் தொண்ணூற்றாறு பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு மண்டலம் விரதமிருந்து பழகிய நம்மவருக்கு இந்தக் கால அளவு வியப்பளிக்காது. அந்த ஆய்வில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு: இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை.

மாணவருக்கு விசேஷமாகப் பயன்படுவது பாஸ் வெர்பிளாங்கன் என்னும் அறிஞரின் ஆராய்ச்சி. ஒருவர் வீடு மாறும்போது அவருடைய பழைய பழக்கங்களைத் தாங்கி நின்ற சூழ்நிலைகள் தளர்ந்துபோவதால், அச்சமயம் புதிய பழக்கம் எளிதில் பற்றிக்கொள்கிறது என்றும், இந்த நெகிழ்ச்சி ஏறத்தாழ மூன்று மாதம் நீடிக்கிறது என்றும் அவர் ஆய்வுகள் காட்டின. விடுதியில் சேரும் முதற் பருவமே அந்த மூன்று மாதம். அப்போது பேருந்தில் போகத் தொடங்கியவர் பேருந்துக்காரராகவும், செயலியில் உணவு வரவழைக்கத் தொடங்கியவர் அதற்கு அடிமையாகவும் ஆகிவிடுவது இயல்பு. உபதேசத்தைவிடச் சக மனிதரின் நடத்தைக்குப் பலம் அதிகம் என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்க ஹோட்டல் ஒன்றில் கோல்ட்ஸ்டீன், சியால்டினி முதலியோர் நடத்தி 2008-இல் வெளியிட்ட பரிசோதனையில், சூழலைக் காப்பாற்றுங்கள் என்ற வேண்டுகோளைக் கண்டு துண்டை மறுநாளும் உபயோகித்தோர் நூற்றுக்கு 35 பேர். இங்கே தங்கிய பெரும்பாலோர் அவ்வாறே செய்தனர் என்ற வாசகத்தைக் கண்டோரில் அது 44 பேராக உயர்ந்தது. அதே அறையில் தங்கியோரைக் குறிப்பிட்டபோது பலன் இன்னும் கூடிற்று. அறைத் தோழர் மூவர் செய்வதை நான்காமவர் செய்யத் தொடங்குவது எந்தச் சுவரொட்டியாலும் ஆகாத காரியம்.

வழுக்கும் இடங்கள்

இந்தப் பாதையில் வழுக்குமிடங்கள் இரண்டைக் குறிப்பிடலாம். ஒரு நற்செயல் செய்தவர் அதன் புண்ணியத்தைக் காட்டி வேறோர் இடத்தில் தாராளமாக நடந்துகொள்வது ஒன்று. வாரமெல்லாம் துணிப்பை தூக்கியவர் அதற்குப் பரிசாகப் புதுக் கைப்பேசி வாங்கினால் கணக்கு நஷ்டத்தில் முடியும். சிக்கனமே செலவுக்கு வழி கோலுவது மற்றொன்று. நீராவி இயந்திரம் திருந்தியபோது நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகியதைப் பொருளாதார அறிஞர் ஜெவான்ஸ் 1865-லேயே எடுத்துக்காட்டினார். மின்சாரம் குறைவாக இழுக்கும் விளக்கு வந்ததும் இரவெல்லாம் எரியவிடுவது அதன் விடுதிப் பதிப்பு.

இவற்றினும் ஆழமான தடை ஒன்று நம் சமூகத்தில் இருக்கிறது. மேல்நாட்டு மாணவர் மிதமான பழக்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்; நம் மாணவரிற் பெரும்பாலோர் அதை வீட்டிலிருந்தே கொண்டு வருகிறார்கள். மீந்த சோற்றில் நீரூற்றி மறுநாள் உண்பதும், அண்ணன் சட்டையைத் தம்பி உடுத்துவதும், பழைய புடவை தூளியாகவும் கரித்துணியாகவும் பிறவியெடுப்பதும், டப்பாவைக் கழுவி மளிகைக்கு வைத்துக்கொள்வதும் அவர்கள் கண்டு வளர்ந்தவை. ஆனால் அவை விருப்பத்தால் வந்தவையல்ல, இல்லாமையால் வந்தவை; ஆகையால் அவற்றில் ஏழ்மையின் வாசனை வீசுவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. படித்து உயர்வது என்பதன் பொருளே அவற்றை உதறிவிடுவது என்று குடும்பமும் ஊரும் விளம்பரமும் ஒருசேரக் கற்பிக்கின்றன. டிபன் பாக்ஸைத் திறக்கக் கூச்சம், பேருந்துப் படியில் நண்பர் கண்ணில் பட்டுவிடக் கூச்சம், தைத்த செருப்பை அணியக் கூச்சம். இந்தக் கூச்சத்தை வென்றவருக்கு நிலைபேறான வாழ்க்கையில் கற்க வேண்டியது அதிகமில்லை. அதை வெல்லாதவருக்கு எந்தப் பாடத்திட்டமும் உதவாது.

பழக்கத்திலிருந்து ஏற்பாட்டுக்கு

கூச்சத்தைத் தனியொருவர் மனோபலத்தால் மட்டும் வெல்வது அரிது. பொது இடத்தின் ஏற்பாடு அதற்குக் கௌரவம் அளிக்க வேண்டும். நல்ல குடிநீர்க் குழாய் மாடிக்கு ஒன்று இருந்தால் பிளாஸ்டிக் பாட்டில் தானே மறையும்; இல்லாவிடில் அதைத் தவிர்க்கச் சொல்வது தாகத்தைத் தவிர்க்கச் சொல்வதாகும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை உண்டாக்கும் இடத்திலேயே தரம் பிரிக்கச் சொல்லின. மாணவர் இரு தொட்டியில் பிரித்துப் போட்டதை லாரிக்காரர் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனால், மறு வாரம் எவரும் பிரிக்கமாட்டார். பெண்கள் விடுதியில் மாதவிடாய்க்கு மறுபயன்பாட்டுத் துணியோ கிண்ணமோ உபயோகிக்க விரும்புபவருக்கு, தாராளமான நீரும், தாழிடக்கூடிய கதவும், கூச்சமின்றி உலர்த்த வெயிலும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் அந்த யோசனை வீண்.

ஆகவே, தம் பழக்கத்தை மாற்றிக்கொண்ட மாணவர் அடுத்தபடியாகச் செய்யவேண்டியது, தமக்கு எந்த இடத்தில் சிரமம் நேர்ந்ததோ அந்த இடத்தை எல்லாருக்கும் எளிதாக்குவது. மெஸ் குழுவில் சேர்ந்து, அன்றாடம் வீணாகும் சோற்றை எடைபோட்டு எழுதி வைக்கும்படி செய்யலாம். மறுநாள் உண்பவர் எண்ணிக்கையை முன்னிரவே சமையற்கட்டுக்குத் தெரிவிக்கும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். பழுதான விசிறியை மாற்றும்போது குறைந்த மின்சாரத்தில் ஓடுவதை வாங்கும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம். ஆண்டு முடிவில் புத்தகமும் வாளியும் வரைபலகையும் அடுத்த வகுப்பினருக்குக் கைமாறும்படி ஒரு நாளை ஏற்படுத்தலாம். 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது; மரக்கன்று நட்டுப் படமெடுப்பதோடு நில்லாமல், வளாகத்தின் நீர்க் கணக்கையும் மின் கணக்கையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்வதை அதன் பணியாக்க எந்தத் தடையுமில்லை. 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் பாராளுமன்றத்தின் முன் தனியே அமர்ந்த கிரேட்டா துன்பர்க் என்னும் பதினைந்து வயது மாணவி, தம் வீட்டார் பழக்கத்தை முதலில் மாற்றிவிட்டே பொது வீதிக்கு வந்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. சொந்தப் பழக்கம் பொதுக் கோரிக்கைக்குப் போட்டியாக நிற்பதில்லை; அதற்கு நாணயத்தை அளிக்கிறது.

முடிவாக, தொடக்கத்திற் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் கிடைத்த விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், மாணவர் செய்யவேண்டியவை எண்ணிக்கையிற் சிலவே என்பது புலனாகிறது: தட்டில் மீதம் வையாமை, பொது வாகனத்தை விடாமை, குளிர்சாதனத்தைத் தேவையாக்கிக்கொள்ளாமை, துணியையும் கருவியையும் ஆயுள் முடியும்வரை உபயோகித்தல், நீரை அளந்து செலவிடுதல். இவற்றில் நூதனமாகக் கற்கவேண்டியது ஏதுமில்லை. நம் மாணவரிற் பலர் இவற்றோடுதான் கல்லூரி வாசலுக்கு வருகிறார்கள். வறுமை கட்டாயப்படுத்தியதால் செய்ததை, வறுமை நீங்கிய பின்னும் அறிந்து விரும்பிச் செய்யும்போது அது பண்பாகிறது. முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும் நாளில் அந்த மாணவர் எதை வாங்குகிறார், எதை வாங்காமல் விடுகிறார் என்பதைக் கொண்டே சுற்றுச்சூழல் பாடத்தின் மெய்யான மதிப்பெண்ணைக் கணக்கிட வேண்டும். அந்தத் தேர்வுக்குரிய பயிற்சிக்கூடம் விடுதியைத் தவிர வேறில்லையாதலால், அந்த விடுதியை அதற்குத் தகுந்தபடி அமைத்துத் தரும் கடமை, உபதேசம் செய்யும் ஆசிரியருக்கும் கட்டணம் வாங்கும் நிர்வாகத்துக்கும் சரிபாதி உண்டு.